சந்தியில் நின்று கூப்பிடுகிறவள்

மகனே, இந்த விளியைப் பற்றி உன்னோடு ஒரு சண்டை இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் என் வெட்கக்கேட்டைச் சொல்லி முடித்துவிடுகிறேன். நம் தேயிலைத் தோட்டத்துத் தேவாலயத்தில் நீ முதன்முதலாகப் பிரசங்கம் செய்த ஞாயிற்றுக்கிழமை, பெற்ற தாய்க்கென்று ஒதுக்கிவைத்த முன் வாங்கில் உட்கார்ந்து நான் தூங்கிவிட்டேன். கண்ணயர்ந்தேன் என்று கௌரவமாகச் சொல்லலாம், சொல்ல மாட்டேன். தூங்கினேன். முதல் நாள் முழுக்க உனக்காகக் கோழி, அச்சாறு, தொதல் என்று அடுப்படியில் நின்றதும், இருமலுக்குக் குடித்த பாணி மருந்தும் சேர்ந்து ஆளைக் கவிழ்த்துவிட்டன. ஆனால் கவிழ்ந்தது வெளியே தெரிந்திருக்காது. ஆசிரியர் செயலமர்வுகளில் வருஷக்கணக்காக உட்கார்ந்து நான் கற்ற ஒரே உருப்படியான வித்தை, முதுகு நிமிர்ந்து, கண்ணாடி நழுவாமல், கேட்கிற முகத்தோடு தூங்குவது. சந்தியில் ஒரு பெண் நிற்கிறாள் என்று நீ தொடங்கியது ஞாபகம் இருக்கிறது. அடுத்து எனக்கு ஞாபகம் இருப்பது காணிக்கைப் பை.

ஆகையால் உன் பிரசங்கத்தை நான் கேட்டது உன் வாயால் அல்ல, மாதர் சங்கச் செயலாளர் ரூபி அக்காவின் வாயால். அது போதாதென்று, திங்கட்கிழமையே தோட்டம் முழுவதும் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். கோபத்தோடு உனக்குப் போன் எடுத்தபோது நீ நிதானமாக, "அம்மா, நீங்கதானே முன்னுக்கு இருந்தீங்க. நான் என்ன சொன்னேன்னு உங்களுக்குத் தெரியும்தானே" என்றாய். தூங்கினவள் என்ன பதில் சொல்வது? "நல்லாத் தெரியும்" என்று சொல்லி வைத்துவிட்டேன். பதில் சொல்ல முடியாமற்போனதில் கோபம் இன்னும் ஏறிவிட்டது. அந்தக் கோபத்தைத்தான் எழுதுகிறேன். அடுத்த மாதம் நீ ஓப்பநாயக்கப் பக்கம் ஒரு சபையின் பொறுப்பை ஏற்கப் போகிறாய். போவதற்கு முன் நீ செய்துவிட்டுப் போனதை நீயே வந்து சரிசெய்ய வேண்டும். இதை உறையில் போடாமல், இந்த வாரம் அச்சாகிற சபைச் சஞ்சிகைக்கே அனுப்புகிறேன். அதில் வருகிற எல்லாவற்றுக்கும் பிழை பார்ப்பவர் ரூபி அக்கா. முதலில் அவர் வாசிக்கட்டும் என்பதுதான் என் எண்ணம்.

நடந்ததைச் சொல்கிறேன். பழைய யூத ஞானிகள் எழுதிவைத்த புத்தகங்களில், வாலிபனை மயக்குகிற ஓர் அயல்பெண் வருகிறாள். தெருமுனையில் நிற்கிறாள், போகிறவன் வருகிறவனைக் கூப்பிடுகிறாள், பேச்சில் எண்ணெய் வழிகிறது, வீட்டில் நல்ல நல்ல விரிப்புகள் வைத்திருக்கிறாள், வாசனைத் திரவியம் வைத்திருக்கிறாள், புருஷன் தூரப் பயணம் போயிருக்கிறான். இதை நீ பிரசங்கபீடத்திலிருந்து விவரித்தாயாம். விவரிக்கும்போது கையைச் சந்திப் பக்கமாக நீட்டினாயாம். இப்போது நம் சந்தியை நினைத்துப் பார். தெரணியகலை பஸ் திரும்புகிற முனையில் பாக்கியத்தின் கடை. குவைத்தில் வீட்டுவேலை செய்து திரும்பியவள், அங்கே பழகிய உதட்டுச் சாயத்தை இங்கே விடவில்லை. புருஷன் கொழும்பில் கட்டட வேலை. வடையும் ரொட்டியும் சுடுகிறாள், பக்கத்தில் கொடி கட்டி, கொழும்புப் புறக்கோட்டையிலிருந்து கொண்டுவந்த கட்டில் விரிப்புகளைத் தொங்கவிட்டிருக்கிறாள், கீழே ஒரு தட்டில் சின்னச் சின்னச் செண்டுப் போத்தல்கள். பஸ் வந்தால் இரண்டு பாஷையிலும் கூப்பிடுகிறாள். "வாங்க வாங்க, சூடா வட." அடுத்த மூச்சில் சிங்களத்தில், "எண்ட மல்லி, உணு உணு வடே." அந்தக் காலத்துக் கவிஞன் நம் சந்தியில் வந்து நின்று, பார்த்துப் பார்த்து எழுதினாற்போல் இருந்திருக்கும். தேவாலயத்தில் இருந்த அத்தனை பேருக்கும் வேதத்தில் முதல்தடவையாக ஒரு பகுதி தெளிவாகப் புரிந்துவிட்டது.

புரிந்ததன் பலன் இது: மாதர் சங்கம் தோட்டத்து மனேஜர் தொரையிடம் போயிற்று. வாலிபர்கள் கெட்டுப்போகிறார்கள், கடை நிற்கிறது தோட்டத்துக் காணி என்றார்கள். தொரைக்கு இது ஏன் என்று விளங்கவில்லையாம், ஆனால் சேலை கட்டிய கூட்டம் ஒன்று அலுவலக வாசலில் நிற்பதை எந்தத் தொரைதான் விரும்புவார். மாத முடிவுக்குள் கடையைக் கழற்ற வேண்டும் என்று கணக்கப்பிள்ளையிடம் சொல்லி அனுப்பிவிட்டார்.

எனக்கு வயிறு எரிவது எதற்குத் தெரியுமா? ஊருக்குத் தெரியாதது உனக்குத் தெரியும் என்பதற்கு. அந்த எழுத்துகளின் மரபுகள் என்று நீ இறையியல் கல்லூரியில் ஒரு நீண்ட கட்டுரை எழுதினாய். எனக்கு அனுப்பி, "அம்மா, தமிழ் மட்டும் பாருங்க" என்றாய். சமையல், விடைத்தாள் எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டுப் பார்த்தேன். உன் ஒற்றுப் பிழைகளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மூச்சு வாங்குகிறது. ஆனால் கட்டுரை நல்ல கட்டுரை. அந்த அயல்பெண் யாரோ ஒரு பெண் அல்ல, பாடம் சொல்வதற்காகக் கவிஞர்கள் கட்டிய உருவம் என்று நீதான் எழுதினாய். அதே புத்தகத்தில் ஞானமும் ஒரு பெண்ணாக வருகிறாள், அவளும் அதே தெருவில், அதே சந்தியில் நின்றுதான் சத்தமாகக் கூப்பிடுகிறாள், அவளும் சாப்பாடு தயாராக வைத்துக்கொண்டுதான் கூப்பிடுகிறாள், இருவரும் கூப்பிடுகிற வார்த்தைகூட ஒன்றாகவே இருக்கிறது என்று நீதான் எழுதினாய். எதைப் பார்த்து அடையாளம் காண்பது என்று வாலிபனைத் திணற வைப்பதே அந்த எழுத்தின் சாமர்த்தியம் என்று எழுதி, கீழே ஒரு கோடும் போட்டிருந்தாய். கட்டுரைக்கு ஒரு நியாயம், பீடத்துக்கு ஒரு நியாயமா? விரிவுரையாளருக்கு உருவகம், எங்களுக்குப் பாக்கியமா?

இனி அந்த விளிக்கு வருகிறேன். அந்த நூல்களில் ஒரு தகப்பன் ஓயாமல் "என் மகனே" என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். மகன் என்பது சொந்த மகன்தான் என்று இல்லை, வாத்தியார் மாணவனை அழைக்கிற மரபும் அதுதான், ஆனால் கூப்பிடப்பட்டவன் ஒரு தடவைகூட வாய் திறப்பதில்லை என்று உன் கட்டுரையில் இருந்தது. வாசித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. உனக்கு மூன்று வயதில் நான் "மகனே" என்றால் "ஏன்?" என்பாய், பதினாறில் "என்னவாம்?" என்பாய், இப்போது போனில் இரண்டு நீலச் சரி விழுகிறது, பதில் இல்லை. ஆனால் அதற்கடுத்த பக்கத்தில்தான் எனக்கு ஆத்திரம். அந்தக் கவிஞர்களுக்கு எதையும் இரண்டு வரியில் சொல்லவேண்டுமாம். முதல் வரியில் தகப்பனின் போதனை வந்தால், இரண்டாம் வரியில் அதற்கு இணையாகத் தாயின் சொல் வரும். வந்து, அப்படியே நின்றுவிடும். தகப்பன் சொன்னது அதிகாரம் அதிகாரமாக ஓடுகிறது. தாய் சொன்னது என்ன என்று தேடினால் கடைசியில் ஒரு ராஜாவின் அம்மாவுக்கு மட்டும் கொஞ்சம் இடம் கிடைத்திருக்கிறது. மற்ற அம்மாக்கள் எல்லாம் வரிக்கு முட்டுக்கொடுக்க நிற்கிறார்கள். உன் அப்பாவுக்கு இதை வாசித்துக் காட்டினேன். தேயிலைத் தொழிற்சாலைச் சத்தத்தில் பாதிக் காது போன மனிதர், "நான் எப்ப அம்புட்டுப் பேசினேன்?" என்றார். நியாயமான கேள்வி. நம் வீட்டில் பேசினது நான். புத்தகம் எழுதியிருந்தால் இரண்டாம் வரி அவர்தான்.

அந்த இரட்டை வரி மரபு இங்கே எப்படி வேலை செய்கிறது என்று உனக்குக் காட்டுகிறேன், அடுத்த கட்டுரைக்கு உதவும். இரண்டாம் வரி முதல் வரியைச் சும்மா திருப்பிச் சொல்வதில்லை, ஒரு படி கூட்டிச் சொல்லும் என்று எழுதியிருந்தாயே. ரூபி அக்கா அதைப் படிக்காமலே செய்கிறார். பாக்கியம் பஸ் கண்டக்டரிடம் சிரித்தாள் என்பது தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் சொன்ன முதல் வரி. பாக்கியம் கண்டக்டரைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள் என்பது கொழுந்து நிறுக்கிற இடத்தில் சொன்ன இரண்டாம் வரி. மூன்றாம் வரி மருந்து கொடுக்கிற காம்பராவுக்குப் போகும்போது கதைக்குப் பஸ்ஸே தேவைப்படவில்லை. இன்னொன்றும் சொல்லியிருந்தாய், யாரோ எழுதியதற்கெல்லாம் ஞானி என்று பெயர்பெற்ற ராஜாவின் பெயரைப் போட்டுவைப்பது அந்தக் காலத்து வழக்கம் என்று. இங்கே ராஜா நீ. ஒவ்வொருத்தரும் தங்கள் தங்கள் வயிற்றெரிச்சலைச் சொல்லிவிட்டு, "தம்பியே சொல்லிட்டாரே" என்று உன் பெயரைக் கீழே போடுகிறார்கள்.

நான் சும்மா இருக்கவில்லை. ரூபி அக்காவை வீட்டுக்குக் கூப்பிட்டு, தேத்தண்ணி கொடுத்து, உனக்கு வைத்த தொதலில் மிச்சமும் கொடுத்துக் கேட்டேன். "அக்கா, அவ உங்களுக்கு என்னா செஞ்சா?"

"மூணு விஷயம் எனக்குப் பொறுக்காது டீச்சர். நாலாவதா ஒண்ணு இருக்கு, அத வாயால சொல்லக் கூடாது."

மகனே, அசந்துபோனேன். இன்னதெல்லாம் மூன்று, இல்லை நான்கு என்று எண்ணிக்கொண்டு போய், சொல்லவந்ததைக் கடைசியில் வைப்பது அந்த ஞானிகளின் இன்னொரு மரபு என்று உன் கட்டுரையில் படித்தது அப்படியே என் வீட்டுக் கதிரையில் உட்கார்ந்து தொதல் தின்றுகொண்டிருந்தது.

"சொல்லுங்க."

"ஒண்ணு, அந்த லிப்ஸ்டிக். காலங்காத்தால யாருக்குப் பூசுறா? ரெண்டு, கண்டக்டர் பயலுகளோட சிங்களத்துல கெக்கெக்கேன்னு சிரிப்பு. மூணு, நடு ரோட்டுல கட்டில் சீட்டத் தொங்கப் போட்டிருக்கா. சீட்டு வீட்டுக்குள்ள கெடக்கிற சாமான் டீச்சர்."

"நாலாவது?"

ரூபி அக்கா கோப்பைக்குள் பார்த்தார். "அறுப்புப் பண்டிகைக்கு எங்க சங்கம் பெட்டிஸ் சுட்டிச்சே, ஞாபகம் இருக்கா. ஒண்ணு வித்திச்சா? சனம் பூரா ஜெபம் முடிஞ்ச கையோட ரோட்டுக்கு எறங்கி அவ வடையத் திங்கிது. போதகரும் திங்கிறாரு."

உன் விரிவுரையாளர்கள் சொன்னது முழுக்க உண்மை. விஷயம் எப்போதும் நாலாவதில்தான் இருக்கிறது.

பிறகு பாக்கியத்திடம் போனேன். துணிந்து போனேன் என்று எழுதத்தான் ஆசை. பள்ளிக்கூடம் விட்ட பிறகு, ஆள் குறைந்த நேரம் பார்த்து, ரப்பர் மலைப் பக்கத்துக் குறுக்குப் பாதையால் இறங்கினேன். என்னைத் தூரத்தில் கண்டதுமே அவள் எண்ணெய்ச் சட்டியிலிருந்து தலையை நிமிர்த்திச் சொன்னாள், "டீச்சரும் ஒளிஞ்சா வாறீங்க?"

"நான் எதுக்குடி ஒளியணும்?"

"மழ இல்லாம குடையப் புடிச்சி, அதுவும் மூஞ்சிக்கு முன்னால புடிச்சிருக்கீங்க, அதான் கேட்டேன்."

குடையை மடக்கினேன். வாங்கில் உட்காரச் சொன்னாள். வடை சூடாக வந்தது. கொடியில் விரிப்புகள் ஆடிக்கொண்டிருந்தன, வாங்க ஆள் இல்லை. மேல் லயத்துப் பெண் ஒருத்தி மகனைக் கையில் பிடித்தபடி வந்தவள், கடையைக் கண்டதும் அவனை மறுபக்கத்துக்கு மாற்றிப் பிடித்துக்கொண்டு போனாள். பாக்கியம் அதைப் பார்த்துவிட்டுப் பருப்பு மாவைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"தம்பி என்னையப் பத்தி உங்க வேதத்துல இருக்குன்னு சொன்னாராமே. எந்தப் பக்கம்னு சொன்னீங்கன்னா ஒரு தடவ பாத்துக்குவேன். நான் மாரியம்மன் கோயிலுக்குப் போறவ. எனக்குத் தெரியாம எப்பிடிங்க அங்க போய்ச் சேந்தேன்?"

"அது உன்னைப் பத்தி இல்லடி. அந்தக் காலத்துக் கவிஞர்கள் இப்படி ஒரு பொம்பளைய உண்டாக்கி வச்சிருக்காங்க, பாடம் சொல்றதுக்கு."

"உண்டாக்கினவங்க கொஞ்சம் என் மூஞ்சி இல்லாம உண்டாக்கியிருக்கலாம்" என்றாள். ஒரு வடையைத் தட்டி எண்ணெயில் விட்டுவிட்டு, "அன்னைக்கு நான் கூப்பிட்டதாலதான் தம்பி இன்னைக்கு அங்க ஏறி நின்னு பேசுறாரு. அது அவருக்கு மறந்திருக்கும், சின்னப் புள்ள" என்றாள்.

உனக்கு மறந்திருந்தால் நான் ஞாபகப்படுத்துகிறேன். உயர்தரப் பரீட்சைக் காலம், விடியற்காலை, மழை. நீ சப்பாத்துக் கயிறு கட்டவே நேரம் எடுத்தாய். நாம் படிகளில் இறங்கும்போதே பஸ் முனையில் திரும்பத் தொடங்கிவிட்டது. அடுத்த பஸ்ஸில் போனால் மண்டபக் கதவைச் சாத்தியிருப்பார்கள். நான் ஆசிரியை, சத்தம் போட்டு வகுப்பை நிறுத்துகிறவள், அன்றைக்கு என் தொண்டையில் காற்றுதான் வந்தது. பாக்கியம் வடைக் கரண்டியோடு நடு ரோட்டில் பாய்ந்து நின்று, "நவத்தன்ட மல்லி, விபாகெட்ட யன லமயெக்" என்று கத்தினாள். நிறுத்து தம்பி, சோதனைக்குப் போற பிள்ளை. அந்தக் குரல் மலையில் மோதித் திரும்பி வந்தது. பஸ் நின்றது. டிரைவர் திட்டினான், அவள் சிரித்தாள், கண்டக்டரும் சிரித்தான், நீ ஏறிவிட்டாய். ரூபி அக்காவுக்குப் பொறுக்காத அந்தச் சிங்களச் சிரிப்பு இல்லாவிட்டால் நீ எந்தக் கல்லூரிக்குப் போயிருப்பாய்? சந்தியில் நின்று கூப்பிட்ட ஒரு பெண்ணால் உனக்கு வழி கிடைத்தது. அவள் அந்தப் புத்தகத்தின் எந்தப் பெண் என்று எனக்குச் சொல்லித்தா, பட்டதாரி.

இன்னும் ஒன்று கேட்கிறேன். அந்தப் புத்தகம் முடிகிற இடத்தில் நல்ல மனைவி ஒருத்தியைப் பற்றிப் பாட்டு வருகிறது, அவர்களுடைய முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு குணம் வைத்துப் பாடியிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாயே. விடியுமுன் எழும்புகிறாள், தூரத்திலிருந்து சாமான் கொண்டுவருகிறாள், துணி விற்கிறாள், வீட்டாருக்குச் சோறு போடுகிறாள். பாக்கியத்துக்கு இதில் எந்த எழுத்து பொருந்தவில்லை? அந்தப் பாட்டில் ஊர்ப் பெரியவர்களோடு உட்கார்ந்திருக்கிற புருஷன் ஒருவன் மட்டும்தான் குறைகிறது, அதுகூடக் குறையா என்பது சந்தேகம். ஒரே ஆளை முன் அதிகாரத்திலும் வைக்கலாம், கடைசி அதிகாரத்திலும் வைக்கலாம் என்றால், வைக்கிறவன் எவ்வளவு பயந்து வைக்க வேண்டும்? நீ வைத்துவிட்டுப் பிற்பகல் பஸ்ஸில் போய்விட்டாய்.

ஆகவே நீ வருகிற ஞாயிற்றுக்கிழமை வர வேண்டும். மாதம் முடியுமுன் வர வேண்டும். அதே பீடத்தில் ஏறி, கட்டுரையில் எழுதியதை ஒரு வரி விடாமல், எங்களுக்கும் விளங்குகிற தமிழில் சொல்ல வேண்டும். அதோடு நில்லாதே. வெள்ளை அங்கியைக் கழற்றாமல் சந்திக்கு இறங்கி, எல்லாரும் பார்க்க அந்த வாங்கில் உட்கார்ந்து வடை தின்ன வேண்டும். எண்ணெய் பட்டால் பரவாயில்லை, துவைக்கிறவள் நான்தான். பிறகு தொரையைப் போய்ப் பார். உன் பெயரால் கழற்றச் சொன்ன கடை உன் பெயரால்தான் நிற்கவேண்டும். இதைச் செய்யாமல் ஓப்பநாயக்கவுக்குப் போனாயானால், அங்கேயும் ஒரு சந்தி இருக்கும், அதிலேயும் ஒருத்தி எதையாவது பொரித்துக்கொண்டு நிற்பாள், அவளுக்கும் இதே கதிதான். பேசத் தெரிந்த மகனைப் பெற்றோம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான். யார் தலையில் விழும் என்று பார்க்காமல் பேசுகிறவனைப் பெற்றதாக என்னைச் சொல்லவைக்காதே.

எழுதி முடித்து, நீ வருகிற அன்றைக்கு ஒலிபெருக்கி ஒழுங்காக இருக்க வேண்டுமே என்று, சாவி வைத்திருக்கிற உபதேசியாரைப் போய்ப் பார்த்தேன். போன தடவை எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"எங்க டீச்சர், தம்பி அந்த விரிப்பு, செண்டுன்னு சொன்ன கையோட கரண்ட் போயிருச்சே. அதோட தகரத்துல மழ. முன்னுக்கு ஒழுகுதுன்னு சனம் பூரா பின்னால போயிருச்சி. ரெண்டு பொம்பளைங்க, ஒரே சந்தி, அப்பிடி இப்பிடின்னு தம்பி ரொம்ப நேரம் என்னமோ வெளக்கினாரு, எங்களுக்குச் சரியா ஒண்ணும் கேக்கல. சந்திப் பக்கம் கைய நீட்டினது மட்டும் தெரிஞ்சிச்சு. பாக்கியத்தத்தான் சொல்றாரான்னு எங்களுக்கு மொதல்ல சந்தேகந்தான். முன் வாங்குல நீங்க ஒருத்தர்தானே இருந்தீங்க, ஆமா ஆமான்னு நல்லாத் தலையாட்டிக்கிட்டே இருந்தீங்க. அதப் பாத்துத்தான் உறுதியாச்சு."